கட்டைக்கூத்து: ஒரு பெயர் வந்த வழி

பங்குனி பிறந்ததும் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்துச் சுவர்களில் திருவிழா நோட்டீஸ்கள் ஏறத் தொடங்கும். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர் என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் ‘மகாபாரத நாடகம்’ என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்க்கக் கிளம்புகிற எவரும் அதை நாடகம் என்று சொல்வதில்லை. “இன்னிக்கி எந்த ஊர்லண்ணா கூத்து?” “பெருநகர்லப்பா, கர்ண மோட்சம்.” பேச்சு அதோடு முடிந்தது. அதே ஆட்டத்தைப் பற்றிச் செய்தித்தாளில் வந்தால் ‘தெருக்கூத்து’. அரசாங்கத்து விண்ணப்பப் படிவத்தில் ‘நாட்டுப்புறக் கலை’. காஞ்சிபுரத்தில் 1990-இல் கூத்துக் கலைஞர்கள் கூடித் தொடங்கிய சங்கத்தின் பெயர்ப்பலகையில் ‘கட்டைக்கூத்து’.

இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடிகிற வரை நடக்கும் ஓர் ஆட்டத்துக்கு இத்தனை பெயர். கடைசியாகச் சொன்ன பெயரை ஆடுகிறவர்களே தேர்ந்தெடுத்து, ஊரறிய வாதாடி நிலைநிறுத்தினார்கள். அப்படி வாதாடியவர்களில் முதன்மையானவர் பெருங்கட்டூர் பி. ராஜகோபால். நடிகர், பாடகர், பாட்டுக் கட்டுகிறவர், கூத்து எழுதுகிறவர், கற்றுக்கொடுக்கிறவர். அவர் வாழ்க்கையைத் தொடராமல் இந்தச் சொல்லின் வரலாற்றை எழுத முடியாது. ஆனால் அதற்கு முன் அடிச்சொல்லான ‘கூத்து’ எங்கே கிடந்தது, எப்படி இறங்கியது என்று பார்த்துவிட வேண்டும்.

கூத்து மிகப் பழைய சொல். குதித்தலோடு அதைச் சேர்த்துப் பொருள் சொல்வார்கள். தொல்காப்பியம் ஆற்றுப்படைக்கு இலக்கணம் சொல்லும் இடத்தில் கூத்தர், பாணர், பொருநர், விறலி என்று ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் நம் பக்கத்து நிலத்தவை. பெரும்பாணாற்றுப்படை ஒரு பாணனைக் காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனிடம் அனுப்புகிறது. மலைபடுகடாம் கூத்தர் கூட்டத்தைச் செங்கண்மாவில் இருக்கும் நன்னனிடம் அனுப்புகிறது. செங்கண்மா இன்றைய செங்கம். அந்தப் பாட்டுக்கே கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர் உண்டு. வாத்தியங்களை மூட்டைகட்டித் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் போகும் அந்தக் கூட்டத்தின் வழித்தடம், இன்று கூத்துக் குழுக்கள் வேன் பிடித்து ஊர் ஊராகப் போகும் அதே வட ஆர்க்காட்டு மண்ணில்தான் கிடக்கிறது. பரம்பரை நேர்க்கோடாக வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இடையில் இரண்டாயிரம் ஆண்டு இருக்கிறது. சொல் மட்டும் மாறாமல் அதே மண்ணில் இருந்திருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய இலக்கியத்தில் கூத்து நடக்கும் இடம் தெரு அல்ல. செல்வம் வந்து சேர்வதையும் கலைந்து போவதையும் சொல்ல வள்ளுவர் எடுத்துக்கொண்ட உவமை கூத்து பார்க்கக் கூடும் அவை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அரங்கை அளவெடுத்தே சொல்கிறது: எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம், மேலே பலகை வரைக்கும் நான்கு கோல். கோல் என்பது இருபத்து நான்கு விரல் அளவு. திரைகள் மூன்று வகை: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. அடியார்க்குநல்லார் உரையில் கூத்தைச் சாந்திக்கூத்து, விநோதக்கூத்து என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவு சொல்லிக்கொண்டே போகிறார். சொக்கம், மெய்க்கூத்து, அவிநயம், நாடகம், குரவை, கலிநடம், குடக்கூத்து, கரணம், நோக்கு, தோற்பாவை… அந்தப் பட்டியலில் எங்கும் ‘தெரு’ ஒட்டிக்கொண்ட கூத்து இல்லை. சோழர் காலத்தில் கூத்துக்கு நிலமே விட்டார்கள். சாக்கைக்கூத்து ஆடுகிறவருக்குச் சாக்கைக்காணி, நட்டுவருக்கு நட்டுவக்காணி. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆட நெல் அளந்த கல்வெட்டில் ஆடியவரின் பட்டம் ‘சாந்திக்கூத்தன்’.

கடவுளுக்கும் அந்தப் பெயர் தாழ்ந்ததாகப் படவில்லை. தில்லையில் இருப்பவர் கூத்தன். சோழர் அவைப் புலவர் ஒட்டக்கூத்தர். கூவாகத்தில் அரவானுக்குக் கூத்தாண்டவர் என்று பெயர். சாமிக்கும் புலவருக்கும் மரியாதையாக இருந்த சொல் மனிதக் கலைஞனுக்கு வந்தபோது ‘கூத்தாடி’ ஆகி வசையாயிற்று. “கூத்தடிக்கிறான்”, “இதென்ன கூத்து”, “கூத்தும் கும்மாளமும்” என்று வழக்கில் கேலி ஏறிக்கொண்டது. பெண் கேட்டுப் போன இடத்தில் மாப்பிள்ளை கூத்து ஆடுகிறவன் என்று தெரிந்ததும் பேச்சு முறிந்த கதை செய்யாற்றின் இரு கரையிலும் உண்டு.

அந்தக் கேலிச் சொல்லின் தலையில் இன்னொரு சொல்லையும் ஏற்றினார்கள். அதுதான் தெரு.

கூத்து நடக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் ‘தெரு’ என்று சொல்ல எப்படித் தோன்றியது என்பது வியப்பு. ஊருக்கு வெளியே கோயில் முன்னாலோ, அறுவடை முடிந்த வயலிலோ களரி போடுவார்கள். ஒரு பக்கம் பெஞ்சு. அதில் ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை. எதிரில் மூன்று பக்கமும் பாய் விரித்துச் சனம். கலைஞர்கள் பேச்சில் அந்த இடத்துக்குப் பெயர் ‘களரி’யோ ‘சபை’யோ. தெரு என்று அவர்கள் வாயில் வராது.

ஆனால் தெருவில் ஆடும் கூத்து ஒன்று நிஜமாகவே உண்டு. சாமி ஊர்வலத்தோடு நடந்துகொண்டே, இரண்டு மூன்று வேஷங்கள் சந்திக்குச் சந்தி நின்று ஆடிவிட்டு நகர்ந்து போவது. டச்சு ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயின் இந்த வேறுபாட்டைத்தான் பிடித்தார். சில ஊர்களிலாவது நடமாடும் ஊர்வல ஆட்டத்துக்குத் தெருக்கூத்து என்றும், ஓரிடத்தில் நின்று இரவு முழுக்கக் கதை நடத்தும் ஆட்டத்துக்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர் இருந்திருக்கிறது என்று அவர் எழுதினார். வெளியே இருந்து வந்தவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தெருக்கூத்து என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். 1988-இல் ஆல்ஃப் ஹில்ட்பைட்டலின் திரௌபதி வழிபாட்டு நூலின் முதல் தொகுதியும், 1990-இல் ரிச்சர்டு ஃப்ராஸ்காவின் மகாபாரத அரங்கு பற்றிய நூலும் வந்தன. ஃப்ராஸ்காவின் நூல் தலைப்பிலேயே தெருக்கூத்து இருந்தது. ஆங்கிலத்தில் அச்சேறிவிட்டால் பிறகு நம் பல்கலைக்கழகத்துக்கு வேறு பெயர் கண்ணில் படாது.

அண்டை மொழிகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். தெலுங்கில் வீதி நாடகம், வீதி பாகவதம். கன்னடத்தில் பயலாட்டம், அதாவது வெட்டவெளி ஆட்டம். ஆடும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டுவது எளிது. தள்ளி நின்று பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான். இலங்கைத் தமிழர் வேறு வழியில் போனார்கள். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று ஆட்ட முறையை வைத்துப் பெயர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 1962-இல் ‘கர்ணன் போர்’, 1964-இல் ‘இராவணேசன்’ என்று மேடையேற்றியபோது அது நாட்டுக்கூத்து. அங்கே தெரு என்ற பேச்சே இல்லை.

நம் பக்கம் குழப்பம் இன்னொரு சுற்று கூடியது. 1980-இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சென்னைக்கு வந்து பயிற்சிப் பட்டறை நடத்திய பிறகு, தெருமுனையில் கூடி அரசியல் பேசும் ‘வீதி நாடகம்’ தமிழில் ஓர் இயக்கமானது. அது நல்ல வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் நகரத்துக் காதுக்கு வீதி நாடகமும் தெருக்கூத்தும் ஒன்றாகவே கேட்டன. அரை மணி நேரத்தில் முழக்கத்தோடு முடிகிற ஒன்றையும், அர்ச்சுனன் தபசு மரம் ஏறி விடியும் வரை பாடுகிற ஒன்றையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் யாருக்கு நட்டம் என்று கேட்க வேண்டியதில்லை.

‘கட்டை’க்கு வருவோம். சொல் எளிமையானது, பொருள் பல. விறகுக் கட்டை. “இந்தக் கட்டை சாயறதுக்குள்ள” என்று கிழவர் சொன்னால் உடம்பு. ஆள் கட்டை என்றால் குள்ளம். கட்டைக் குரல் என்றால் கரகரப்பு. பாடகர் “அஞ்சு கட்டை” என்றால் சுருதி. ஹார்மோனியத்தில் விரல் வைக்கும் மரத்துண்டுதான் கட்டை, அதன் வழியாகச் சுருதிக்கும் அதுவே பெயர். கூத்துக்காரர் குரல் மேலே மேலே ஏறுவதைக் கேட்டவர், ஓங்கிய கட்டையில் பாடுவதால்தான் கட்டைக்கூத்து என்று பெயர் சொன்னால் நம்பத் தோன்றும். நம்ப வேண்டாம். மரக்காலில் ஏறி ஆடும் கட்டைக்கால் ஆட்டத்தோடும் இதற்கு உறவில்லை. மாதவி ஆடிய பதினோராடலில் மரக்கால் என்று ஒன்று வருகிறதே, அந்த ஆட்டத்தின் வழி வேறு. கூத்தில் வேடிக்கை காட்டும் கட்டியக்காரனோடும் சேர்க்கக் கூடாது. கட்டியம் என்பது அரசன் வருமுன் அவன் விருதுகளை உரக்கச் சொல்வது. அதைச் சொல்கிறவன் கட்டியக்காரன். ஒலி ஒற்றுமை, அவ்வளவே.

கூத்தில் கட்டை என்பது அணி. எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் பளபளக்கும் வண்ணத்தாளும் ஒட்டிய அணிகள். தலையில் கிரீடம், தோள்களில் புஜக்கட்டை, நெஞ்சில் மார்புப் பதக்கம். துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன், துச்சாதனன், கீசகன் போன்ற வீர வேஷங்களுக்கு இவை உரியவை. அந்த வேஷத்துக்குக் ‘கட்டை வேஷம்’ என்று பெயர். முகம் எழுதி, பாவாடை பூட்டி, சலங்கை ஏற்றி, கட்டை கட்டி முடிக்க வெகுநேரம் ஆகும். வேஷத்தைப் ‘போடுகிறார்கள்’ என்று பட்டணத்தில் சொல்கிறோம். இங்கே வேஷம் கட்டுகிறார்கள். அந்த வினைச்சொல்லில் பொய் இல்லை. தோளிலும் முதுகிலும் கயிறு இறுக்கிக் கட்டியதை விடிந்த பிறகுதான் அவிழ்ப்பார்கள்.

கட்டை வேஷம் களரிக்கு வருகிற முறையே தனி. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். அரங்கேற்று காதை சொல்லும் எழினிகள் எல்லாம் அந்த ஒற்றைத் துணிக்குள் அடங்கிவிட்டன. பின்னால் நின்று வேஷக்காரர் விருத்தம் பாடுவார். முதலில் குரல்தான் வரும். பிறகு துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும். துணி நகர்ந்ததும் சுழன்று வந்து தரு பாடுவார். யாரப்பா நீ என்று கட்டியக்காரன் கேட்க, வந்தவர் தன் பெயரையும் குலத்தையும் பாட்டிலேயே சொல்வார். அவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு விடுகிறார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்த வயலின் கடைசி வரிசைக்கு அடி போய்ச் சேர வேண்டும். ஆகவே பாட்டுக் கட்டுகிறவர் நெட்டுயிரில் அடியை முடிப்பார். முகவீணை அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். விருத்தம், தரு, கந்தார்த்தம், வசனம் என்று மாறி மாறி வரும் இந்த அமைப்பை ஓர் இரவு முழுக்கத் தொய்யாமல் எழுதுவது சாதாரணப் புலமை இல்லை.

இந்தப் புலமையை ராஜகோபால் ஏட்டில் கற்கவில்லை. 1953-இல் பிறந்தவர். ஊர் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பெருங்கட்டூர், காஞ்சிபுரத்துக்கு அண்டைப் பக்கம். தந்தை பொன்னுசாமி கூத்து வாத்தியார். குழுவின் பெயர் பெருங்கட்டூர் பொன்னுசாமி நாடக மன்றம். கூத்தே உயிரான அந்த வீட்டிலும் பலகையில் எழுதியது ‘நாடகம்’ என்பதைக் கவனிக்க வேண்டும். ‘பெரிய எழுத்து’ப் பதிப்பாக வந்த மலிவுப் புத்தகங்களின் அட்டையிலும் கர்ண மோட்சம் ‘நாடகம்’தான். எழுத்தில் வந்தால் நாடகம், வாயில் வந்தால் கூத்து. மரியாதை வேண்டியவர்கள் நாடகத்தின் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள்.

பத்து வயதில் ராஜகோபால் பள்ளிக்கூடத்தை விட்டுத் தந்தையின் குழுவில் சேர்ந்தார். அன்று கூத்துக்குள் நுழைகிற சிறுவனுக்குப் பாடத்திட்டம் கிடையாது. களரி ஓரத்தில் தூங்கி விழுந்து, அடி வாங்கி, விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் அடுத்த ஊருக்கு நடந்து, காதில் விழுந்த அடிகளை மனப்பாடமாக்கிக்கொள்வதுதான் படிப்பு. அவர் பிறகு நடிகரானார், குழு நடத்தினார், பழைய கூத்துகளை மறுபடி எழுதினார், புதிய கூத்துகள் கட்டினார். குழந்தைகளுக்காக எழுதியது ‘மாயக்குதிரை’. ராமாயணத்தை எடுத்து ‘ராமராவணா’. பின்னாளில் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோரோடு கர்நாடக சங்கீதமும் கூத்தும் ஒரே மேடையில் உட்காரும் நிகழ்ச்சியையும் செய்தார். அந்த மேடையில் பாரதக் கதையைக் கச்சேரிக் குரலும் களரிக் குரலும் மாறி மாறிச் சொல்லின.

ஹன்னே டி ப்ரூயின் ஆய்வுக்காக வந்து, இந்தக் கலையிலேயே தங்கிவிட்டவர், ராஜகோபாலின் மனைவி. கட்டைக்கூத்து என்ற பெயரையே தலைப்பாகக் கொண்ட அவருடைய ஆய்வு நூல் 1999-இல் நெதர்லாந்தில் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு, புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் கர்ண மோட்சத்தை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்துப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது. தெருக்கூத்து என்று அச்சேறிப் பரவிய பெயருக்கு எதிராக ஒரு பெயரை நாட்ட வேண்டுமானால் அதையும் அச்சேற்றித்தான் ஆக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் பெயரை உண்மையில் நிலைநிறுத்தியது புத்தகம் அல்ல, 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம். போட்டி போட்டுக்கொண்டு, ஒருவர் வேஷக்காரரை மற்றவர் இழுத்துக்கொண்டு, ஒருவருக்கு ஆட்டம் பேசி வைத்த தாம்பூலத்தை மற்றவர் தட்டிக்கொண்டு இருந்த குழுக்களை ஒரே சங்கத்தில் உட்கார வைப்பது லேசான காரியமா? அங்கே முதலில் வந்த கேள்வியே நாம் யார் என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும். தெருவில் ஆடுகிறவர்கள் என்று பிறர் சொன்னதை ஏற்காமல், கட்டை கட்டுகிறவர்கள் என்று தொழிலின் கருவியைக் காட்டிப் பெயர் வைத்தார்கள். தச்சருக்கு உளி போல அவர்களுக்குக் கட்டை.

2002-இல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் சங்கம் ஒரு குருகுலம் திறந்தது. பள்ளிப் பாடமும் கூத்தும் ஒரே வளாகத்தில். பத்து வயதில் பள்ளியை விட்ட ஒருவர், கூத்துக்காகப் படிப்பை விட வேண்டாம், படிப்புக்காகக் கூத்தை விட வேண்டாம் என்று கட்டிய இடம் அது. பெண் பிள்ளைகளும் அங்கே கற்றார்கள். பெண் வேஷத்தையே ஆண்கள் கட்டி வந்த கலையில், பெண்கள் கட்டை கட்டித் துரியோதனனாக வந்து நின்றார்கள். சினிமாப் பாட்டு ‘நாட்டுக்கட்டை’ என்று ஒரு சொல்லைப் பெண்கள் மேல் எறிந்து வைத்திருக்கிற நாட்டில் அந்தப் பெண்கள் அதே கட்டைக்கு வேறு பொருள் கொடுத்தார்கள். குருகுலம் 2020 வரை நடந்தது.

எல்லோரும் இந்தப் பெயரை ஏற்கவில்லை. ஏற்காதவர்களின் கட்சியும் பலமானது. செய்யாறு வட்டத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பம் தலைமுறைகளாகக் கூத்து ஆடி வருகிறது. புரிசைக் கூத்தைப் பார்த்துத்தான் ந. முத்துசாமி தமிழ் நவீன நாடகத்துக்கு வேர் இங்கே இருக்கிறது என்று எழுதத் தொடங்கினார். அவர் 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கும் புரிசைக்கும் உறவு நெருக்கமானது. அந்தப் புரிசை மன்றத்தின் பெயரில் இருப்பது ‘பரம்பரைத் தெருக்கூத்து மன்றம்’. கேலியாக வந்த சொல்லை எடுத்து விருதாக அணிந்துகொண்டார்கள். அதுவும் ஒரு வழிதான். செய்யாறு ஒன்று, அதன் நீரில் விளைந்த ஒரே கலைக்கு ஒருவர் தெருவை ஏற்றுப் பெருமை சேர்த்தார், ஒருவர் தெருவை உதறிப் பெருமை தேடினார்.

கட்டைக்கூத்து என்ற பெயரில் எனக்கும் ஒரு குறை உண்டு. கட்டை கட்டாத வேஷங்கள் கூத்தில் பாதி. கட்டியக்காரனுக்குக் கட்டை இல்லை. திரௌபதிக்கு இல்லை, கர்ணன் மனைவி பொன்னுருவிக்கு இல்லை. கர்ண மோட்சத்தில் சனம் அழுவது கிரீடத்தைப் பார்த்தா, பொன்னுருவி பாடும்போதா? சிரிப்பதும் விழித்திருப்பதும் கட்டியக்காரனால். இவர்களை வெளியே நிறுத்திவிட்டு வீர வேஷத்தின் அணியை மட்டும் மொத்தக் கலைக்கும் பெயராக்கியது ஒருபக்கச் சாய்வு. ஆனாலும் ‘தெரு’வோடு எடைபோட்டால் ‘கட்டை’யே தேவலை என்பேன். தெரு என்பது ஆட்டத்துக்கு வெளியே கிடக்கும் பொருள். கட்டை ஆட்டத்துக்குள் இருக்கிறது.

ராஜகோபால் போன்றவரை என்னவென்று சொல்வது என்பது அடுத்த சிக்கல். பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவர். இங்கிலாந்தில் இப்படிப்பட்டவர்களைச் சுற்றி 1950-களிலும் 60-களிலும் பெரிய சண்டையே நடந்தது. புதிதாக எழுதிய பாட்டை நாட்டுப்பாடல் என்று சொல்லலாமா, யார் எந்த ஊர்ப் பாட்டைப் பாடலாம் என்ற வழக்கு. அதன் நடுவில் நின்ற பாடகர் யூவன் மக்கால், 1915-இல் சால்ஃபோர்டில் ஜேம்ஸ் மில்லர் என்ற பெயரில் பிறந்தவர். ஸ்காட்லாந்துப் பெற்றோரின் வேரைக் காட்டும் பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். தொழிற்சாலை ஊரைப் பற்றி 1949-இல் எழுதிய பாட்டை இன்று பலர் எழுதியவர் பெயர் அறியாத பழம்பாட்டு என்றே நினைத்துப் பாடுகிறார்கள். ‘ஃபோக்லோர்’ என்ற ஆங்கிலச் சொல்லே 1846-இல் வில்லியம் தாம்ஸ் என்பவர் ஆக்கியது. நாம் அதை முதலில் நாடோடி என்றோம், பிறகு கிராமியம், நாட்டார், நாட்டுப்புறம். நகரத்தான் ‘நாட்டுப்புறத்தான்’ என்று திட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தச் சொல்லைக் கலைக்குப் பெயராக வைத்தோம். நாட்டுப்புறம் என்ற பெயரில் உள்ள பெரிய அநீதி வேறொன்று: நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் கிடையாது என்ற எண்ணம் அதோடு சேர்ந்தே வருகிறது. மக்கள் பாட்டு, மண்ணின் பாட்டு என்று சொல்லி எழுதியவன் பெயரைத் துடைத்துவிடுகிறோம். கர்நாடக சங்கீதத்தில் சொல்லும் இசையும் ஒருவரே ஆக்கினால் அவருக்கு வாக்கேயகாரர் என்று பட்டம். வயலில் அதையே செய்தவருக்குப் பட்டம் இல்லை.

களரியில் அவருக்குப் பெயர் உண்டு. வாத்தியார். உபாத்தியாயர் என்ற வடசொல் உவாத்தி, உவாத்தியார் என்று தேய்ந்து வாத்தியார் ஆனது. பள்ளிக்கூடத்துக்குப் போனதும் சம்பளக்காரர் ஆனார், கல்யாண வீட்டுக்குப் போனதும் மந்திரம் சொன்னார், சினிமாவில் எம்.ஜி.ஆர். ஆனார். கூத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்கு முழுப் பொருள் மிச்சம் இருக்கிறது: கதை எழுதி, பாட்டுக் கட்டி, அடவு சொல்லி, வேஷம் பிரித்து, பணம் பேசி, விடியற்காலை நாலு மணிக்குத் தூங்கி வழியும் பின்பாட்டுக்காரனை முறைத்து எழுப்புகிறவர். அவர் நடத்தும் குழுவுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஜமா என்று பெயர். 2024-இல் வந்த திரைப்படம் ஒன்று அந்தப் பெயரிலேயே வந்த பிறகுதான் சென்னை அந்தச் சொல்லைக் கேட்டது. மட்டக்களப்பில் இதே வேலை செய்கிறவருக்கு அண்ணாவியார் என்று பெயர். அண்ணாவி என்றாலும் ஆசான்தான். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் கூத்துக்காரர் தங்கள் தலைவரைக் கலைஞன் என்றோ பாடகன் என்றோ சொல்லாமல் கற்பிக்கிறவர் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

பெயர்கள் இந்த மண்ணில் நிலையாக இருந்ததில்லை. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்று பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் இருக்கும் ஊர் இன்று உத்திரமேரூர். 919-லும் 921-லும் குடவோலை விதிகளை வெட்டிவைத்த சுவர் அப்படியே நிற்கிறது. ஊர் இருந்த காலியூர்க் கோட்டம் போய்ச் செங்கல்பட்டு மாவட்டம் வந்தது, 1997-இல் அது காஞ்சிபுரமானது, 2019-இல் செங்கல்பட்டு தனியே போனது. பெருங்கட்டூரும் புரிசையும் வட ஆர்க்காட்டிலிருந்து 1989-இல் திருவண்ணாமலைக்கு மாறின. ஆட்சியர் அலுவலகங்கள் மாறினாலும் தாம்பூலம் வாங்கும் குழு எல்லை பார்ப்பதில்லை. செய்யாற்றுக் குழு உத்திரமேரூருக்கு வரும், காஞ்சிபுரத்துக் குழு வந்தவாசிக்குப் போகும். தீமிதிக்கு முன்னால் களிமண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம் நடத்துவது எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

என் தீர்ப்பு இது. புரிசைக்காரர் ஆடுவதைத் தெருக்கூத்து என்றே எழுதுங்கள், அது அவர்கள் ஏற்றுக்கொண்ட பெயர். காஞ்சிபுரத்துச் சங்கத்தார் ஆடுவதைக் கட்டைக்கூத்து என்று எழுதுங்கள், அது அவர்கள் கேட்ட பெயர். இரண்டும் தெரியாத இடத்தில் கூத்து என்றால் போதும், முன்னால் எதுவும் ஒட்ட வேண்டாம். அகராதிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பதிப்பில் கட்டைக்கூத்துக்குத் தனிப் பதிவு கொடுங்கள். தெருக்கூத்துப் பதிவில் ‘ஊர்வலத்தோடு நடந்தபடி ஆடுவது’ என்ற பொருளையும் சேருங்கள். ‘வாத்தியார்’ என்பதன் கீழே ‘கூத்தை எழுதிப் பாட்டமைத்துப் பயிற்றுபவர்’ என்று ஒரு வரி எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்குப் பெயர் வேண்டுமென்றால், பெருங்கட்டூர் ராஜகோபால் இருக்கிறார்.